பூ எந்தப் பக்கம்?

சிவகாசி வட்டாரத்தில் காம்பு அண்ணாச்சிக்குப் பயப்படாத செடி ஒன்றுகூடக் கிடையாது. பூவைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் மோந்து பார்ப்பார்கள். அவர் திருப்பிப் பார்ப்பார். காம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் ஒரு பூவையும் அவர் வரைந்ததில்லை. அறுபதுகளில் நான் இங்கிலீஷ் கடிதங்களுக்குக் குமாஸ்தாவாக இருந்த, கல்லில் வரைந்து அச்சடிக்கும் லித்தோ அச்சகத்தில் அவர்தான் ஓவியர். அவருடைய சொந்தப் பெயரை முதலாளியே மறந்திருந்தார்.

ஒருமுறை காலண்டர் லட்சுமியின் கையில் இருந்த தாமரைத் தண்டில் பொடிப்பொடியாக முள் வைத்துவிட்டார். அம்மன் கையில் குத்தாதா என்று முதலாளி பதறினார். தாமரைத் தண்டில் முள் உண்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அம்மனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி. நாரணாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், விபூதி பூச மேடையேறி, மாப்பிள்ளை மாலையில் ஒரு பூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை பந்தலைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை பாவம், மூச்சுகூட விடவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் என் பிழைப்பு போய் மாட்டியது.

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வியாபாரி மத்தாப்புத் தீப்பெட்டி லேபிளுக்கு ஆர்டர் அனுப்பியிருந்தார். அவர் ஊர்க் காட்டுச் செடி ஒன்று லேபிளில் வேண்டும். அதன் படம் ஒன்று, வர்ணனை ஒரு தாள். கவரைப் பிரித்த கையோடு மைப்புட்டியைத் தட்டிவிட்டேன். படம் முழுக்கக் கறுப்பு. ஏற்கெனவே ஒரு கடிதத்தை விலாசம் மாற்றி அனுப்பியவன் நான். இன்னொரு தப்பு நடந்தால் சொந்த ஊரான காரியாபட்டிக்கு பஸ் ஏற வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். படமே வரவில்லை என்று சாதித்துவிட்டு, தாளை மட்டும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன்.

தமிழில் படித்துச் சொன்னேன். முழங்கால் உயரக் குத்துச்செடி. வருஷம் முழுக்கப் பச்சை. இலை சின்னது, தடிப்பு, நுனி மழுங்கல். தண்டை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும். பூ வெள்ளை, சின்னக் குழாய், வாயில் ஐந்து மடல். ஈர மணலில் வளரும்.

அண்ணாச்சி தூரிகையைக் கீழே வைத்தார். "ஈரத்துல நிக்கிற செடிக்கு எதுக்குலே இம்புட்டுக் குட்டி இலை? நம்ம கரிசக்காட்டுச் செடியில்ல அப்படிச் சிக்கனமா இருக்கணும்."

அந்தச் செடியின் ஜாதகமே தப்பு என்று தாளைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். அவர் சமாதானம் ஆகவே ஒரு நாள் ஆனது. பிறகு மிச்சத்தைப் படித்தேன். பூக்கள் கிளையின் ஒரு பக்கமாகவே வரிசையாக இருக்கும்.

"எந்தப் பக்கம்?"

தாளில் அது இல்லை. கல்லில் இடது பக்கம் வரைந்தால் அச்சில் வலது பக்கம் வரும். உண்மையில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கல்லைத் தொட மாட்டேன் என்றார். நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். மத்தியானத்தில் ஊருக்கு வெளியே போய், வேலிச் செடிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தார். பொறுத்துப் பார்த்த முதலாளி, ஒரு ரோஜாவைப் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டார்.

ரோஜா போனால், தான் அனுப்பிய படம் என்னாச்சு என்று வியாபாரி கேட்பார். அதோடு என் கதை முடிந்தது. அண்ணாச்சியிடம் போய், எந்தப் பக்கமாவது ஒரு கிளையைப் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஏன் கெஞ்சுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கல்லில் இரண்டு கிளைகள் இருந்தன. ஒன்றில் பூ இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ரோஜா வரைய ரோஜாவின் காம்பைப் புதிதாகப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரு மாதம் ஆகும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, செடியையே அச்சுக்கு விட்டார்.

மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. நாங்கள் அனுப்பிய படத்தில் ஒரு கிளைதான், ஆனால் உங்கள் இரண்டு கிளை இன்னும் அழகு, அடுத்த ஆர்டர் இதோ என்று எழுதியிருந்தார் வியாபாரி. முதல் வரியை விழுங்கிவிட்டு, மற்றதை முதலாளிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

அவர் போனதும் அண்ணாச்சி தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் எதையும் திருப்பிப் பாக்குறவனாச்சே, தம்பி. அன்னிக்கு நீ கொடுத்த தாளையும் திருப்பிப் பாத்தேன். பின்னால மை ஒட்டியிருந்துச்சு. இனிமே படம் வந்தா நேரே இங்கன கொண்டாந்துரு. உன் மேசையில மை இருக்கு."

முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கலாம், கூச்சமாக இருந்தது. வெளியே போய் அவருக்கு ஒரு டீ சொன்னேன். கூடவே, திருப்பிப் பார்க்கட்டும் என்று ஒரு செவ்வந்திப் பூவும் வாங்கி வந்து, காம்பு மேலே தெரியும்படி அவர் மேசையில் வைத்தேன்.