ஆய்த்து ஆசாமி

ஆய்த்து ஆசாமி என்று ஓர் இனம் இருக்கிறது. மைசூரில் கொஞ்சம் அதிகம். நம் தமிழில் ‘ஆச்சு’ என்றால் வேலை முடிந்தது, அவ்வளவுதான். இந்த ஊர்க் கன்னடத்து ‘ஆய்த்து’ இருக்கிறதே, அது முடிந்தது என்றும் ஆகும், சரி என்றும் ஆகும், சரி இப்போது ஆளை விடு என்றும் ஆகும். அப்படியானால் இவர் சோம்பேறி என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை. ஆய்த்து ஆசாமி பொழுதெல்லாம் உழைப்பார். கேட்ட வேலையை மட்டும் செய்யமாட்டார்.

அக்ரஹாரத்து ரங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்றதிலிருந்து பின்னறையில் ரயில் விடுகிறார். பொம்மை ரயில் என்றால் கோபம் வரும்; மாடல் என்று சொல்லவேண்டும். அவர் மனைவி ஜயம்மாவுக்கு அது எதுவானால் என்ன? அவள் கவலை வேறு. மகள் சம்யுக்தாவுக்கு எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறவள் படுக்க அந்தப் பின்னறைதான் உண்டு. சம்யுக்தாவின் மாமியார் கமலம்மாளோ, “எங்காத்துல ரூம் சும்மாதானே இருக்கு, இங்கேயே இருந்துக்கட்டுமே” என்று தேனாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். மகள் வராமல் போனால் ஜயம்மா எந்த முகத்தோடு கோயில் பிராகாரம் சுற்றுவாள்?

“ஏன்னா, ரூமைக் காலி பண்ணணும்.”

“ஆய்த்து.”

சரி என்கிறார் என்று ஜயம்மா எடுத்துக்கொண்டாள். அவர் சொன்னது என்ன தெரியுமா? நேர்த் தண்டவாளம் முடிந்தது, இனி வளைவு.

வளைவு என்றால் லேசா? சின்னதாக வளைத்தால் எஞ்சின் மட்டும் திரும்பிப் போய்விடுகிறது, கடைசிக் கோச் கவிழ்ந்துவிடுகிறது. பெரிதாக வளைத்தால் பலகை போதவில்லை. நீட்டினார், இன்னும் நீட்டினார், பலகை அறை வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றது. இப்போது கோச் கவிழவில்லை, ஆனால் வண்டி பாதி வளைவில் செத்து நின்றது. துண்டும் துண்டும் சேருகிற இடத்தில் கரெண்ட் போகவில்லையாம். ஒவ்வொரு துண்டுக்கும் அடியிலிருந்து சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று என்று ஈயம் உருக்கி ஒட்டி, ஒட்டுகிற சூட்டில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் கட்டைகள் இளகி, அதை மாற்றி, மாற்றும்போது சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பைக் கொடுத்து, கரெண்ட் விடுகிற டப்பா டப்பென்று அணைந்து, சமையலறை வரைக்கும் கருகல் வாடை வந்தது.

ஜயம்மாவுக்கு விளங்கியது ஒன்றுதான். அந்த அறைக்குள் போக இனிமேல் தவழவேண்டும்.

“எட்டு மாச வயத்தோட அவ தவழ்ந்து வருவாளா? பலகையை எடுங்கோ.”

“எதுக்கு எடுக்கணும்? வாசல்கிட்ட மட்டும் கீல் வெச்சுத் தூக்கற மாதிரி பண்ணிடறேன். பாலம் மாதிரி.”

“எப்போ?”

“ஞாயித்துக்கிழமை அவ வரத்துக்குள்ள ஆய்த்து.”

சும்மா சொல்லக்கூடாது, செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சம்யுக்தா வந்தாள். கூடவே கமலம்மாளும் வந்தாள், சும்மா பார்த்துவிட்டுப் போக. ரங்கா பாலத்தைத் தூக்கினார். ஓடிக்கொண்டிருந்த வண்டி தானாக நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. சம்யுக்தா இடுப்பில் கை வைத்தபடி நிமிர்ந்தே உள்ளே போனாள்.

“நோடு சம்யு, இங்கே பாரு. பாலத்தைத் தூக்கினா கரெண்ட் தானா கட். வண்டி கீழே விழவே விழாது.”

“நன்னாயிருக்குப்பா. கட்டில் எங்கே?”

ரங்காவின் விரல் மெல்ல நீண்டு, பலகை மேல் பச்சை பெயின்ட் அடித்து வைத்திருந்த சாமுண்டி மலையைக் காட்டியது. மலைக்குக் கீழே இருந்தது கட்டிலின் பலகை. வளைவைத் தாங்கி நின்றவை அதன் கால்கள்.

“அதனாலென்ன, சூட்கேஸ் இன்னும் கார்லதானே இருக்கு” என்றாள் கமலம்மாள், முன்னைவிடத் தேனாக.

“சூட்கேஸை உள்ளே கொண்டு வரச் சொல்லுங்கோ மாமி” என்றாள் ஜயம்மா. “அவ எங்க ரூம்ல என்கூடப் படுத்துப்பா.”

“அப்போ அப்பா?”

“இந்தப் பலகைக்குக் கீழே. பாயைப் போட்டுண்டு.”

சம்யுக்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூட்கேஸ் உள்ளே வந்தது. கமலம்மாள் காப்பி குடித்துவிட்டுத் தனியாகக் காரில் ஏறினாள்.

ஜயம்மா ஜெயித்தாள், ரங்கா திருந்தினார் என்று நினைக்கிறீர்களா? மத்தியானம் பாயை விரித்து மல்லாந்து படுத்த மனிதர், அண்ணாந்து பார்த்தபடி கூப்பிட்டார்.

“ஜயம்மா, இங்கேர்ந்து ஒயர் எல்லாம் எவ்வளவு சௌகரியமா கைக்கு எட்டறது தெரியுமா? இதை முதல்லயே சொல்லியிருக்கப்படாதா?”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இதைப் படிக்க நீங்கள் உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து யாரோ ஏதோ சொன்னார்களே, தலையைத் தூக்காமல் என்ன பதில் சொன்னீர்கள்? அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கப் போகிறார்கள், போய்ப் பாருங்கள்.