அலுவலகத்தின் சராசரிக் கொழுப்பு

ஊழியர் நலனில் மாறாத அக்கறை கொண்ட எங்கள் அலுவலகம், பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை செய்து முடித்தது. படிவத்தில் மேலிடம் விட்டிருந்தது ஒரே ஒரு கட்டம். அதற்குள் பன்னிரண்டு எண்களை எப்படித் திணிப்பது? தலைமை எழுத்தரான நான் கூட்டி வகுத்து, சராசரி 188 என்று எழுதினேன். ஆபத்து எல்லையான இருநூற்றுக்குக் கீழே! "இவ்வலுவலகம் பூரண ஆரோக்கியத்துடன் உள்ளது" என்று அதிகாரி கையெழுத்திட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

மறுநாள் தபால் பிரிவு எழுத்தர் விண்ணப்பத்தோடு அதிகாரி முன் வந்து நின்றார்.

"சார், எனக்கு முன்னூத்திப் பத்து. மாடி ஏறினா நெஞ்சை அடைக்குது. இதய டாக்டரைப் பார்க்க ரெண்டு நாள் லீவு வேணும்."

"யோவ், சுவத்தைப் பாருய்யா. நூத்தி எண்பத்தெட்டு. உனக்கென்ன கேடு?"

"அது எல்லாருக்கும் சேர்த்து, சார்."

"ஏன், நீ எல்லாரிலும் சேர்த்தி இல்லையா?"

"பிரஷர் வேற இருக்கு சார். அப்பா நாப்பத்தெட்டு வயசுல மாரடைப்புல போயிட்டாரு. எல்லாத்தையும் சேர்த்து வச்சுத்தான் ஆபத்தைக் கணக்குப் பண்ணணுமாம்."

"உங்கப்பா இங்க வேலை பார்த்தாரா?"

"இல்ல சார்."

"அப்புறம் அவரை எதுக்குய்யா நம்ம கோப்புக்குள்ள இழுக்கிற?"

'தனிநபர் கொழுப்பு பரிசீலிக்கப்பட மாட்டாது' என்று விண்ணப்பம் திரும்பியது. கையெழுத்து அதிகாரியுடையது, வாசகம் என்னுடையது. அந்த வெட்கக்கேட்டை மறைப்பானேன்?

மூன்றாம் நாள் தபால் கட்டோடு மாடி ஏறிய அந்த நல்ல மனிதர் பாதிப் படியில் சரிந்தார். எழுந்திருக்கவே இல்லை. இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். பிறகு நான் அவருடைய முன்னூற்றுப் பத்தைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்தேன். 177! மேலிடத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. வெட்கமில்லாமல் எல்லோரும் கை தட்டினோம்.

போன வாரம் அதிகாரி இடது தோளைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"என்னமோ பண்ணுதுய்யா. மேலிடத்துக்கு எனக்கு ஒரு லீவு லெட்டர் எழுது."

"எழுதிடலாம் சார். அவங்க சராசரி கேட்பாங்களே?"

"என் ஒருத்தனை மட்டும் தனியா பார்க்க மாட்டாங்களா?"

நான் பழைய கோப்பை எடுத்து, அவர் கையெழுத்தைக் காட்டினேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன், அனுமதி வாங்காமலே.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "உங்க ரிப்போர்ட்ல எவ்வளவுங்க?"

என்னுடையது இருநூற்று அறுபத்துநாலு.

"நூத்தி எழுபத்தேழு" என்றேன்.