இல்லாத விரலின் ரேகை

என் வலது கட்டைவிரல் ஒருமுறை நீதிமன்றத்தில் பொய் சொல்லியிருக்கிறது. சொல்லச் சொன்னவன் நான் என்பதால் முழுப் பழியையும் விரல்மேல் போட மனம் வரவில்லை.

மலாயாவில் அவசரகாலம்; காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை ராணுவம் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்தொரு வயது. சிரம்பான் தொழிற்சங்க அலுவலகத்தில் மனு எழுதும் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. (சட்டைப்பையில் இரண்டு பேனா. தலைக்குள் அதைவிடக் குறைவு.) மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அஞ்சலையக்காவுக்கு, ரப்பர் ஷீட் உருட்டும் மிசினில் வலது கட்டைவிரல் போய்விட்டது. நஷ்டஈடு கிடையாது என்று தொழிலாளர் இலாகா அதிகாரி தீர்ப்பளித்துவிட்டார். மரம் வெட்ட வேண்டியவர் மிசின் பக்கம் போனது அவர் குற்றமாம். போகச் சொன்ன மேற்பார்வையாளர் மண்டோருக்கு விசாரணையன்று பார்த்து ஞாபகமறதி.

கட்டைவிரல் இல்லாமல் கத்தி பிடிக்க முடியாது. வேலை இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் இல்லை. நஷ்டஈடு வந்தால்தான் அக்காவுக்கும் மகள் செல்விக்கும் வெளியே ஒரு கூரை.

"தம்பி, ஒன்னத்தான் நம்பியிருக்கேன்" என்றார் அக்கா. அப்பீல் மனுவை நானே எழுதினேன். 'ஆகையினால்' மட்டும் பதினொன்று போட்டேன்.

மனு கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில்தான் கவனித்தேன், அக்காவின் கைநாட்டு வாங்கவில்லை. தோட்டத்துக்குப் போகலாமென்றால் ராணுவம் சாலையை மூடியிருந்தது. யோசித்தேன். (யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன்.) மையைத் தொட்டு என் விரலையே வைத்துவிட்டேன். அதிலும் ஒழுங்கு தவறவில்லை. ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது என்று பெரிய கிராணி சொல்லிக்கொடுத்திருந்தார். ஆகையினால் வலது. கீழே 'அஞ்சலையின் வலது கட்டைவிரல் ரேகை' என்று அழகாக எழுதியும் வைத்தேன்.

நீதிமன்றத்தில் தோட்டத்து வக்கீல் மனுவைத் தூக்கிப் பிடித்தார். "கனம் நீதிபதி அவர்களே, போய்விட்டதாகச் சொல்லப்படும் விரல், போன மாதம் இந்த மனுவில் ரேகை வைத்திருக்கிறது."

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அக்கா தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அக்காவின் கூரையை நானே பிய்த்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அக்கா கையை உயர்த்திக் காட்டினார். "தொர, என் வெரலு மிசின்ல போச்சு. அது யாரு வெரலுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தா, அந்தத் தம்பிக்குத்தான் இப்பிடி வேர்க்குது லா."

நீதிபதியே சிரித்துவிட்டார். அக்காவின் இடது விரலை அங்கேயே வைக்கச் சொல்லி மனுவை ஏற்றுக்கொண்டார். சத்தியம் வாங்கியதும் மண்டோருக்கு ஞாபகம் திரும்பியது. அக்கா ஜெயித்தார், என் மனுவையும் மீறி. பாரோய் என்ற ஊரில் ஒரு பலகை வீடு அமைந்தது.

போலீஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவன் ரேகை இன்னொருவர் பெயரில் இருந்தால் காட்டுக்குள் இருப்பவர்களின் ஆள் என்று சந்தேகப்பட்ட காலம் அது. நான் கம்யூனிஸ்டு அல்ல, வெறும் மடையன் என்று லாக்கப்பில் நான்கு நாள் மன்றாடினேன். இரண்டாவதை உடனே நம்பினார்கள்.

இரண்டு வருடம் கழித்து செல்வியை எனக்கே கட்டிக்கொடுத்தார் அக்கா. (அக்கா என்று கூப்பிட்டு வைத்ததால் முறையும் சரியாக இருந்தது.) பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். பின்னாலிருந்து மாமியார் குரல்: "மாப்பிள, சொந்தக் கைதானே?"

இப்போது என் பேத்தி விரல் வைத்துக் கைப்பேசியைத் திறக்கிறாள். நான் பக்கத்தில் போனாலே போதும், கையைத் தட்டிவிடுவாள்.

"தாத்தா, ஒங்க வெரலு வேணாம் லா, போலீஸ் வந்துரும்!"