அரங்கம் அதிர வேண்டும்

மூணாவது பாட்டும் முடிந்தது. ஒரு கைதட்டல்? ஒரு விசில்? ம்ஹூம். ஒரகடம் ஃபேக்டரி ஹாலில் எண்ணூறு பெண்கள் யூனிஃபார்மோடு உட்கார்ந்து, பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நாகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாகப்பன், 'பூங்குயில்' பொன்னுரங்கத்தின் பாட்டுகளை மட்டுமே பாடும் குழு ஒன்றைப் பன்னிரண்டு வருஷமாகக் கட்டி மேய்க்கிறார். வருஷத்துக்கு ஒரே மேடை, இந்த ஃபேக்டரியின் ஆண்டு விழாதான். புதுசாக வந்த எச்.ஆர். மேடம் இசைவாணி அதற்கும் வேட்டு வைக்கப் பார்த்தார்.

"சார், ஆடியன்ஸ் இன்வால்வ் ஆகணும். இல்லேன்னா அடுத்த வருஷம் டிஜேதான்."

சொல்வது சுலபம். இந்தக் கற்சிலைகளை யார் அசைப்பது?

"எல்லாரும் செல்போன் லைட்டைப் போட்டு ஆட்டுங்கம்மா!" என்றார் நாகப்பன்.

"போனைத்தான் கேட்லயே வாங்கி வச்சிட்டாவளே!" என்றது ஒரு குரல்.

கீபோர்டு இளம்பரிதி தலையில் அடித்துக்கொண்டான். "மைக்கை அவங்க கைல குடு தலைவா. கூடப் பாடுவாங்க."

நாகப்பன் இறங்கிப் போய் முன்வரிசை மாரிசெல்வியிடம் மைக்கை நீட்டினார். அவள் தொண்டையைச் செருமினாள். அப்பாடா, பாடப் போகிறாள்!

"டீ எப்பண்ணே குடுப்பிய?"

ஹாலே கைதட்டியது. நாகப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொன்னுரங்கத்துக்கு இல்லாத கைதட்டல் டீக்கா?

சரி, தொலையட்டும் என்று கேன்டீனில் சொல்லி டீ வரவழைத்தார். கூடவே மோரும் வந்தது. ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடித்தார்கள். அடுத்த பாட்டிலேயே பின்வரிசை ஒவ்வொருத்தியாக நழுவ ஆரம்பித்தது.

"ஐயய்யோ, கூட்டம் கலையுதுபா! இன்னா தளவாய் வேடிக்கை பாத்துகினு கீற? கதவை சாத்துய்யா!" என்று கத்தினார் நாகப்பன்.

மேடமும் தலையாட்டவே, வாட்ச்மேன் தளவாய் பூட்டே போட்டுவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட அத்தனை முகமும் நாகப்பனை முறைத்தது. தலையெழுத்தே என்று அடுத்தடுத்து நாலு பாட்டைப் பாடித் தள்ளினார்.

அப்போதுதான் மூலையில் ஒரு கை உயர்ந்தது.

"பாத்தியாடா, ஒரு கை!" என்று துள்ளினார் நாகப்பன்.

ஒன்று பத்தானது, பத்து நூறானது. எல்லோரும் எழுந்து, கால்மாற்றிக் கால்மாற்றி மிதித்துக்கொண்டு, கையை உயர்த்தி உயர்த்தி ஆட்டினார்கள். தரை அதிர்ந்தது. இசைவாணி மேடம் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினார்.

"ஒன்ஸ் மோரா? என் தங்கங்களா, இன்னும் மூணு பாட்டு கீது!"

கைகள் இன்னும் வேகமாக ஆடின. பன்னிரண்டு வருஷத்தில் பார்க்காத கூட்டம்! டிஜேவாவது, மண்ணாங்கட்டியாவது!

மாரிசெல்வி ரெண்டு கையையும் தூக்கியபடி மேடைக்கே ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"அண்ணே, நாங்க வேல பாக்குற லைன்ல கை தூக்குனா பாத்ரூம் போணும்னு அர்த்தம். கும்புட்டுக் கேக்கேன், கதவத் தொறக்கச் சொல்லுங்க!"