கறிக்குப் பதில் ஒரு வார்த்தை

திருநீற்றுப் புதனன்று அருளப்பன் ஒரு மகா முடிவுக்கு வந்தார். தவக்காலம் நாற்பது நாளும் ஊரே கறியை விடும். அவர் விடமாட்டார். பதிலுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தையை விடுவார்.

"இன்னையிலருந்து 'அட்ஜஸ்ட்'டை விட்டுட்டேன் கிளாரா. இதான் என் ஒறுத்தல்."

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "வாய் தவறிச் சொல்லிட்டீகன்னா?"

"ஈஸ்டர் வரைக்கும் கறி கேக்க மாட்டேன். போதுமா?"

சும்மா சொல்லக்கூடாது, பெரிய தியாகம்தான். கம்பம்-தேனி பஸ்ஸில் முப்பத்தைந்து வருஷம் கண்டக்டர். அந்த வார்த்தையை வைத்துத்தான் வண்டியே ஓடியது. மூணு பேர் சீட்டில் நாலு பேரா? அட்ஜஸ்ட். சில்லறை இல்லையா? அட்ஜஸ்ட். சின்னமனூரில் திராட்சைக் கூடையோடு ஏறிய ஒரு பெண்ணிடம், "மடியில அட்ஜஸ்ட் பண்ணி வச்சுக்கம்மா" என்றார். அவள்தான் கிளாரா; முறைத்தாள். அந்த முறைப்புக்காகவே மறுவாரம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அடடா, அது ஒரு காலம்! இன்றும் அந்த ரூட் பஸ் ஹாரன் அடித்தால் மனுஷன் வாசலுக்கு ஓடிவந்து நிற்பார்.

கல்யாணத்துக்குப் பின் வார்த்தை வீட்டுக்குக் குடிவந்தது. கூரை ஒழுகினால் அட்ஜஸ்ட். கிறிஸ்துமஸுக்குச் சேலை இல்லையென்றால் அட்ஜஸ்ட். 'முடியாது' என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

வியாழனன்று கிளாரா கேட்டாள். "ஒரு சேலை எடுத்துக்கவா?"

அருளப்பன் வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினார். "எடு."

வெள்ளியன்று அவள் அக்கா செபஸ்தியம்மாள் தேவாரம் ஊரிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அக்கா ஒங்க கட்டில்ல படுக்கட்டும்."

"மதினிய பாயில கொஞ்சம் அட்..."

"என்னாது?"

"அட்டப்பெட்டிய உள்ள வைக்கச் சொன்னேன்!"

பாயில் புரண்டு முதுகு போனது. போகட்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறதே! பூசை முடிந்ததும் ஓடிப்போய் அரைக்கிலோ வெள்ளாட்டுக்கறி வாங்கி வந்தார். வார்த்தை தவறவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மீசையைத் தடவினார்.

"இந்தா, மிளகு தூக்கலாப் போட்டு வையி."

கிளாரா பையைத் தொடவில்லை. "நானும் அக்காவும் தவக்காலத்துல கறிச்சட்டியத் தொட மாட்டோம். நீங்களே ஆக்கிக்கங்க."

"அடியே, எனக்குச் சுடுதண்ணி கூட வைக்கத் தெரியாதே!"

"நாப்பது வருசமா நான் பண்ணல? நாப்பது நாளு நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."