நெஞ்சுவலியோடு நயாகரா நோக்கி

நெஞ்சுவலி வந்தால் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் முதுகலைப் பட்டமும், ஜெர்சி சிட்டி வங்கி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலையும் வைத்திருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. டாக்டர்கள் நிறைந்த மண்டபத்திலிருந்து ஒரு நெஞ்சுவலிக்காரரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்து, காரில் ஏற்றி, கனடா எல்லையை நோக்கி ஓட்டியவன் நான். ஏறியவர் என் மாமனார்.

மாமா யாழ்ப்பாணத்துக்காரர். (நான் திருச்சி. இந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பதற்குத் தனிப் புத்தகம் வேண்டும்.) எண்பதுகளில் டொராண்டோ போய், ஸ்கார்பரோவில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, தொழிற்சங்கப் பிரதிநிதியானவர். தேர்தல் வந்தால் இடதுசாரிக் கட்சியின் துண்டுப் பிரசுரத்தோடு பனியில் வீடு வீடாக ஏறி இறங்குவார். அவருடைய வேட்பாளர் பெரும்பாலும் தோற்பார். மறுநாளே மாமா அடுத்த தேர்தலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மாமி புற்றுநோயில் போனவர். கடைசி மாதங்கள் முழுக்க ஆஸ்பத்திரியில்தான். அவ்வளவுக்கும் வீட்டுக்கு ஒரு பில்கூட வரவில்லை என்பதைச் சொல்லும்போது மாமாவின் குரல் கம்மிப்போகும். அப்பாவின் அரசியலில் பாதி அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து படித்தது என்று என் மனைவி தர்ஷினி சொல்வாள். இதெல்லாம் எனக்கு அப்போதே நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேசினேன் என்பதுதான் விஷயம்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் தர்ஷினிக்கு ஏழாம் மாதம். என் நண்பர்களின் மனைவிமார் சேர்ந்து பிரிட்ஜ்வாட்டர் கோயில் ஹாலில் வளைகாப்பு ஏற்பாடு செய்தார்கள். மாமா டொராண்டோவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வெளிநாடு போகிறவர்கள் எடுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தாரா என்று கேட்டதற்கு, "சுகத்தை விக்கிற கடையில நான் சாமான் வாங்கிறேல்லை தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தர்ஷினிக்கு வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாமாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் டாக்டர் ரங்கநாதன் அங்கிள். சென்னைக்காரர், அந்த வட்டாரத்தில் பேர்போன இதய டாக்டர். புளியோதரையைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"கனடால ஒரு இடுப்பு ஆபரேஷனுக்கு மாசக்கணக்கா வெயிட் பண்ணணுமாமே சார்?"

"ஓம், காத்திருக்கோணும்" என்றார் மாமா. "இப்ப இருக்கிற மாகாண அரசாங்கம் வரியைக் குறைக்கிறன் எண்டு ஆஸ்பத்திரியளை மூடுது. நாங்கள் ரோட்டில நிண்டு கத்திறம். ஆனா டொக்டர், அந்த வரிசையில முதலாளியும் நிக்கிறான், நானும் நிக்கிறன். இஞ்ச வரிசையே இல்லை எண்டு சொல்லுறியள். வரிசைக்கு வரவே ஏலாத சனத்தை நீங்கள் எண்ணுறேல்லை."

நான் நெளிந்தேன். அப்போதுதான் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தேன். யாராவது அமெரிக்காவைக் குறை சொன்னால் இமிக்ரேஷன் ஆபீஸுக்குக் கேட்டுவிடுமோ என்று உதறும். போதாததற்கு, பர்ஸில் புத்தம்புது இன்ஷூரன்ஸ் அட்டை வேறு. அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"ஃப்ரீயா கிடைக்கிறதுக்கு என்ன மாமா மதிப்பு இருக்கப்போகுது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமா தட்டைக் கீழே வைத்தார். மாமியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தபோது வாக்கியம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

சற்று நேரம் கழித்து, செருப்பு விடும் இடத்தில் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை.

"தம்பி, நெஞ்சு இறுக்குது. என்னைக் கனடாவில கொண்டுபோய் விடும்."

"மாமா, உள்ள டாக்டர் அங்கிள் இருக்காரு. கூப்பிடறேன்."

"அந்த மனுசனுக்கு முன்னால அவ்வளவு கதைச்சுப்போட்டு, இப்ப அவரிட்டயே நெஞ்சைத் திறந்து காட்டவோ? பஃபலோ தாண்டினால் நயாகரா ஆத்துப் பாலம். பாலம் தாண்டினால் எங்கட ஆஸ்பத்திரி. தர்ஷினிப் பிள்ளைக்குச் சொல்லாதையும்."

கொஞ்சம் புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே கூச்சல் போட்டிருப்பான். எனக்கோ சற்றுமுன் சொன்ன வார்த்தை உறுத்தியது. இப்போது டாக்டரைக் கூப்பிட்டால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதாகிவிடும் என்று நினைத்தேன். அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதுதான் மன்னிப்பு என்று என் முதுகலை மூளை முடிவு கட்டியது.

நாளைக் காலையில் ஸ்கார்பரோவில் ஆஸ்பத்திரி மூடலை எதிர்த்து ஊர்வலம், மாமா அவசரமாகப் போக வேண்டும் என்று தர்ஷினியிடம் சொன்னேன். உடனே நம்பினாள். மாமா விஷயத்தில் யாரும் நம்பக்கூடிய பொய் அது. நானும் வருவேன் என்று அடம்பிடித்து, கன்னத்துச் சந்தனத்தோடும் கை நிறைய வளையலோடும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எண்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் மேற்கே போனோம். ஓரங்களில் அழுக்குப் பனி. மாமா கண்ணை மூடியபடி முன்சீட்டில் சாய்ந்திருந்தார். என் படபடப்பை மறைக்க ரேடியோவைப் போட்டேன். யாரோ ஒருவர் வரியையும் தொழிற்சங்கத்தையும் ஏழைகளையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தார். பென்சில்வேனியா வந்துவிட்டது. அவர் இன்னும் ஓயவில்லை.

பின்சீட்டிலிருந்து தர்ஷினியின் குரல் வந்தது. "அப்பா, இவன் யூனியன்காரரைக் கள்ளர் எண்டுறான். நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறியள்?"

பதில் இல்லை. அவள் எக்கி, அப்பாவின் கழுத்தைத் தொட்டாள்.

"இஞ்சருங்கோ! அப்பாவுக்கு உடம்பு குளிர்ந்துபோய் இருக்கு!"

அதற்குமேல் பொய் நிற்கவில்லை. "நெஞ்சுவலி, தர்ஷினி. பார்டருக்குத்தான் போயிட்டிருக்கோம்."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"ஒரு... அஞ்சு மணி நேரம்."

அந்த வளையல் கை என் தோளில் ஓங்கி விழுந்தது. காலையில் எல்லோரும் வாழ்த்திப் போட்ட கண்ணாடி வளையல்களில் இரண்டு மூன்று உடைந்து என் மடியில் சிதறின. வளைகாப்பு வளையல் உடையக்கூடாது என்பார்கள். அப்போது எனக்குள்ளும் ஏதோ உடைந்தது. அடுத்து வந்த நீல ஆஸ்பத்திரிப் பலகையைப் பார்த்துக் காரைத் திருப்பினேன்.

சின்ன ஊர், சின்ன ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் எங்களை எதுவும் கேட்காமல் மாமாவை ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். இளவயது டாக்டர் ஒருவர் ஓடிக்கொண்டே என்னிடம் கேட்டார், வலி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று. ஒரு விழாவில் என்றேன். அங்கே டாக்டர் யாருமே இல்லையா?

"இருந்தாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "நிறைய பேர்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் தவறான ஆளைப் போட்டுவிட்டோமோ என்று ஒரு கணம் யோசித்திருப்பார்.

கதவுக்குள் கொண்டுபோகும் முன் மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, டொக்டருக்கு வெக்கப்பட்டு இல்லை. இந்தப் பில் உங்கட தலையில விழும். பிள்ளை பிறக்க முதல் உங்களுக்குக் கடனோ எண்டுதான்..."

ஃப்ரீயாகக் கிடைப்பதற்கு என்ன மதிப்பு என்று கேட்டேனே, அதற்குப் பதில் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. நான் அங்கேயே நின்று சத்தமாக அழுதேன். ஆக்ஸிஜன் மாட்டிய நர்ஸின் சட்டையில் தொழிற்சங்க பேட்ஜ் இருந்ததை மாமா அந்த நிலையிலும் கவனித்துவிட்டார். ஸ்ட்ரைக்கா என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார். நர்ஸுக்கு இத்தனை நோயாளி என்று ஒரு வரம்பு கேட்டுப் பேச்சுவார்த்தை நடக்கிறது என்றாள் அவள். "விட்டுக்குடுக்காதேங்கோ" என்று தமிழிலேயே சொல்லி முஷ்டியை உயர்த்தினார். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, பேசாமல் படுங்கள் என்று கையை மடக்கி வைத்தாள்.

பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் சவத்தைத்தான் பாலம் தாண்டிக் கொண்டுபோயிருப்பீர்கள் என்பதை அந்த டாக்டர் நாகரிகமான சொற்களில் சொன்னார்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு ரங்கநாதன் அங்கிள் ஹாட்பேக்கில் இட்லியோடு வந்து நின்றார். "நான் உள்ளேயேதானே இருந்தேன்யா!" என்று என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்காரர்களிடம் மன்றாடி, பில்லில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்ய வைத்தார். மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"சார், என் நாள்ல பாதி இன்ஷூரன்ஸ் கம்பெனியோட ஃபோன்ல சண்டை போடறதுலயே போறது."

"அப்ப நீங்களும் எங்கட கட்சிதான்" என்றார் மாமா.

"முதல்ல படுங்கோ சார்."

இரண்டாயிரத்தொன்றில் என் வேலை போனது. அந்தப் புது இன்ஷூரன்ஸ் அட்டையும் அதோடு செத்தது. தர்ஷினி, மகள், நான் மூவரும் ஸ்கார்பரோ போய்ச் சேர்ந்தோம். இப்போது தேர்தல் வந்தால் துண்டுப் பிரசுரத்தோடு பனியில் போவது நான். (எங்கள் வேட்பாளர் இன்னும் பெரும்பாலும் தோற்கிறார்.)

வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் "காரை எடுக்கட்டோ?" என்பது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. வளைகாப்பன்று வயிற்றுக்குள் இருந்த மகள், எனக்குத் தலைவலி என்றால், "ஷால் ஐ கெட் த கார், அப்பா?" என்று கேட்கிறாள். நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். என் சிரிப்பு எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும்.

மாமா கடைசியாகப் படுத்தது மாமி படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில். படுக்கை பற்றாக்குறை என்று முதல் நாள் நடைபாதையில் போட்டிருந்தார்கள். இதைப் பற்றி எம்பிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், தாள் கொண்டு வாரும் என்று என்னை விரட்டினார். இரண்டு வரிக்குமேல் சொல்ல மூச்சு வரவில்லை. நான் பயந்துபோய் எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தம்பி, இண்டைக்குக் காரை எடுக்க வேண்டாம்" என்றார். "வந்து சேந்திட்டன்."