பீர்மேட்டில் எனக்கு நாலு வீடு

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு (கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான்). எட்டில் ஒன்றுகூட என்னை எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் 'பீர்மேடு' என்று யாராவது சொன்னால் போதும், எட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எழுபதுகளில் நடந்தது. நல்லேப்பிள்ளியில் எங்களுக்கு நெல் வயல். நடவுக்கு ஆள், களையெடுக்க ஆள் என்று கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் அது பாட்டுக்குச் சம்பாதிக்கும் என்று எனக்கொரு ஞானம் பிறந்தது. ஒரு துண்டு வயலை விற்று, பீர்மேட்டில் வரிசையாக நாலு ஓட்டு வீடு வாங்கினேன், போய்ப் பார்க்காமலே. (என் வீட்டுக்காரர் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவருக்கு நான் அதிகம் வேலை கொடுப்பதில்லை.)

அங்கே டீக்கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் சின்னச்சாமியிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். "குடியிருக்கறவங்க தொல்லை எதுவும் எங்காதுல உழுகக் கூடாது" என்று கட்டளை. முதலாளி யாரென்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று, அத்தனை நகையும் போட்டு எடுத்த போட்டோவையும் கொடுத்தேன்.

நாலு வருடம் மாதம் தவறாமல் மணியார்டர் வந்தது. ஒரு புகார் இல்லை. "என்னையாட்ட நிர்வாகம் பண்ண ஆருக்குத் தெரியும்?" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூத்த மகளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைக்கு பீர்மேட்டுத் தேயிலை ஃபாக்டரியில் கிளார்க் வேலை. "வாடகை ஊடு எதுக்குங்க? எம்பட ஊடே நாலு இருக்குது" என்று சம்பந்தியம்மாவிடம் பெருமையடித்தேன். கடைசி வீட்டைக் காலி செய்து வைக்கச் சொல்லி சின்னச்சாமிக்குக் கார்டு போட்டேன். மகள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, சீர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, கொட்டுகிற மழையில் போய் இறங்கினேன்.

வீடு காலியாக இல்லை. கொழுந்து கிள்ளப் போகும் பேச்சியம்மா என்பவள் குடியிருந்தாள். "மழைக்கு உள்ளார ஒதுங்குங்க" என்றாள். உள்ளே போனால், சுவரில் நான். நகைகளோடு. கழுத்தில் சந்தன மாலை, முன்னால் எரிகிற விளக்கு.

"ஏனுங் சம்பந்தி, உங்க போட்டோவுக்கு எதுக்குங்க மாலை?" என்றார் சம்பந்தியம்மா.

பேச்சியம்மா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏ ஆத்தாடி! செத்தவுக வந்திருக்காக!" என்று அலறிக்கொண்டு மழையில் ஓடினாள். திரும்பி வரும்போது சின்னச்சாமியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் மூன்று வீட்டுச் சனமும் வந்தது.

"ஓடு ஒழுகுதுன்னு கேட்டப்ப, மொதலாளியம்மா மாரடைச்சுச் செத்துட்டாக, யாருகிட்டப் போயிச் சொல்லன்னு நீகதானே சொன்னீக? அமாவாசைக்கு அமாவாசை சோறு வச்சோமேய்யா!" என்று பேச்சியம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னச்சாமி என் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கோவிச்சுக்காதீங்க்கா. தொல்லை காதுல உழுகக் கூடாதுன்னீங்க. எனக்கு வேற வழி தெரியலீங்க்கா."

"கார்டு போட்டனே, ஏன் காலி பண்ணலை?"

"செத்தவங்க காலி பண்ணச் சொன்னாங்கன்னு எப்படீங்க்கா சொல்றது?"

சம்பந்தியம்மா சிரித்தார் பாருங்கள், ஓட்டில் விழுந்த மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பேச்சியம்மாவுக்கு அதற்குள் பயம் தெளிந்துவிட்டது. "உசுரோடதான இருக்கீக? அப்ப மொதல்ல ஓட்டப் பாருங்க தாயி."

மகளுக்குக் கொடுத்த அண்டா, குண்டா, தாம்பாளம் வரைக்கும் ஒழுகும் இடங்களில் வைத்தோம். என் வீட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்து நாள் அங்கேயே இருந்து நாலு கூரையும் பிரித்து வேய்ந்தேன். ஒழுகாத வீட்டை விட்டு யார் போவார்கள்? ஒருத்தரும் நகரவில்லை. போகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, எனக்குச் சோறு வைத்தவர்களாயிற்றே. மகள் குடித்தனம் தொடங்கியது பக்கத்துத் தெருவில், வாடகை வீட்டில்.

இன்றைக்கும் வீட்டில் குழாய் ஒழுகினால், "அம்மா செத்துப்போச்சு, ஆருகிட்டப் போய்ச் சொல்றது?" என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். நான் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

கண்ணு, எழுதினதை ஒருக்கா படி, கேக்கறேன். சம்பந்தியம்மா சிரிச்ச எடம் வந்தா மட்டும் சத்தத்தைக் கொறச்சுக்க.